திரும்பத் திரும்ப வரும் குடலடைப்பு: வாழ்க்கைத்தரத்தை அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் மும்பைத் தமிழர்களுக்காக எழுதப்பட்டது. குடலடைப்பு வந்து வந்து போகும் நோயாளிகள், அவர்கள் வீட்டார், வார்டில் படிவம் நிரப்பும் செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள், இதை ஆய்வேடாக எடுத்திருக்கும் மருத்துவ மாணவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். சிகிச்சையை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இங்கே சொல்லப்படுவது அளவீட்டைப் பற்றி மட்டுமே.

ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் எடுக்கிறார்களே, கேள்வித்தாள் எதற்கு?

அடைப்பு விலகிய பிறகு எடுக்கும் சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் தெரியாது. குடல் ஒட்டுகள் (அறுவைக்குப் பிறகு குடலை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் தழும்பு இழைகள்) படத்தில் நேராகத் தெரிவதில்லை. இரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கும். ஆனால் அந்த மனிதர் ரவா கஞ்சியும் மோர் சாதமும் தவிர வேறு எதையும் தொடாமல் எட்டு கிலோ இளைத்திருப்பார். கல்யாண வீட்டுக்குப் போயும் பந்தியில் உட்கார மாட்டார். ஊருக்கு 24 மணி நேர ரயில் பயணம் என்றால் வழியில் வலி வந்துவிடுமோ என்று டிக்கெட்டே எடுக்க மாட்டார். இதையெல்லாம் எந்த இயந்திரமும் காட்டாது. அவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியை ஒரே விதமாகக் கேட்டால்தான் முன்பு இருந்ததையும் இப்போது இருப்பதையும் ஒப்பிடலாம். கேள்வித்தாளின் பயன் அதுதான்.

அடைப்புக்கு என்ன காரணம் என்பது அளவீட்டுக்கு ஏன் தேவை?

காரணம் மாறினால் எண்ணுக்கும் பொருள் மாறிவிடும். பழைய அறுவைசிகிச்சையால் உண்டான ஒட்டுகளே சிறுகுடல் அடைப்புக்கு உலகெங்கும் முதன்மையான காரணம். முதல் அடைப்பு அறுவை இல்லாமல் சரியானவர்களில் சுமார் 12 சதவீதம் பேர் ஓராண்டுக்குள்ளும், சுமார் 20 சதவீதம் பேர் ஐந்தாண்டுக்குள்ளும் மறுபடி மருத்துவமனைக்கு வருகிறார்கள். அறுவை செய்துகொண்டவர்களிடம் இது சற்றுக் குறைவு: 8, 16 சதவீதம். எனவே ஒட்டு நோயாளியை ஆறு மாதம் மட்டும் பார்த்துவிட்டு ‘குணமாகிவிட்டது’ என்று எழுதக்கூடாது.

நம் நாட்டில் இரண்டாவதாக நினைக்க வேண்டியது வயிற்றுக் காசநோய். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் குடல் சுருங்கிவிடும். டிஸ்சார்ஜ் கார்டில் ‘சப்அக்யூட் அப்ஸ்ட்ரக்ஷன்’, அதாவது முழுதாக அடைக்காத அடைப்பு, என்று திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. காசநோய் மருந்தின் முதல் இரண்டு மாதத்தில் குமட்டல், பசியின்மை, மூட்டுவலி ஆகியவை மருந்தாலேயே வரலாம். அப்போது மதிப்பெண் இறங்கினால் அடைப்பு மோசமாகிவிட்டது என்று பொருள் கொள்ளக்கூடாது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். புண் ஆறும்போது தழும்பு இறுகிச் சுருக்கம் கூடலாம். கிருமி சாகிறது, எடை ஏறுகிறது, அடைப்பு மட்டும் அடிக்கடி வருகிறது. மருந்து தொடங்கிய தேதியைப் படிவத்தின் மேலேயே எழுதி வைத்தால் இந்த இரண்டு குழப்பங்களும் வராது.

குரோன் நோய் (குடலில் நீடிக்கும் அழற்சி), குடலிறக்கம், புற்றுநோய் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் குறியீடு வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டுச் சராசரி எடுத்தால் அது எந்த நோயாளிக்கும் பொருந்தாது.

எதை ஒரு ‘அட்டாக்’ என்று எண்ணுவது?

அளவீட்டில் அதிகமாகச் சறுக்கும் இடம் இதுதான். நோயாளி ‘மாசத்துக்கு நாலு தடவை’ என்பார். கேஸ் பேப்பரில் வருடத்துக்கு இரண்டுதான் இருக்கும். இரண்டும் உண்மையே, எண்ணும் விதம்தான் வேறு. மூன்று படிகளாகப் பிரித்துக்கொண்டால் சிக்கல் தீரும்.

முதல் படி: வயிற்றை முறுக்கிப் பிடித்து விடும் வலியும் உப்பசமும் வந்து, திட உணவை நிறுத்தியதில் வீட்டிலேயே அடங்கியது. இரண்டாம் படி: மருத்துவமனையில் டிரிப் ஏற்றினார்கள், மூக்கு வழியாக ரைல்ஸ் ட்யூப் போட்டார்கள், அல்லது காஸ்ட்ரோகிராஃபின் (எக்ஸ்ரேயில் தெரியும் திரவம்) கொடுத்துப் படம் எடுத்தார்கள். மூன்றாம் படி: அறுவை.

ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கியது என்று எப்போது சொல்வது? காற்றும் மலமும் பிரிந்து, வழக்கமான சாப்பாட்டை 48 மணி நேரம் சாப்பிட்ட பிறகு வருவதைப் புதிய அட்டாக்காக எடுத்துக்கொள்ளலாம். வேறு மணிக்கணக்கு வைத்தாலும் தவறில்லை. ஆனால் தொடக்கத்தில் எழுதி வைத்ததையே கடைசி நாள் வரை பின்பற்ற வேண்டும். நடுவில் மாற்றினால் அட்டாக் குறைந்ததா, எண்ணும் விதிதான் மாறியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

எந்தக் கேள்வித்தாளைப் பயன்படுத்தலாம்?

ஒரே தாள் போதாது. பொதுவான தாள் ஒன்று, குடலுக்கான தாள் ஒன்று, இந்த நோய்க்கென்று நீங்களே சேர்க்கும் சில கேள்விகள் என்று மூன்றும் வேண்டும்.

பொதுத் தாளாக ஈக்யூ-5டி-5எல் எளிது. நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, வழக்கமான வேலைகள், வலி அல்லது உடல் உபாதை, கவலை அல்லது மனச்சோர்வு என்று ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலைகள். விடை ‘21342’ போன்ற ஐந்து இலக்கமாக வரும். 11111 என்றால் எதிலும் தொல்லை இல்லை. இதோடு 0 முதல் 100 வரை குறிக்கும் 20 செ.மீ. அளவுகோலும் உண்டு. நோயாளி கோட்டில் போட்ட குறியும் பெட்டியில் எழுதிய எண்ணும் வேறுபட்டால் பெட்டியில் உள்ள எண்ணையே எடுக்க வேண்டும். ஐந்து இலக்கத்தை ஒற்றை மதிப்பாக (முழு நலம் என்றால் 1, மரணத்துக்குச் சமம் என்றால் 0) மாற்ற இந்திய மக்களிடமே எடுக்கப்பட்ட மதிப்புத் தொகுப்பு 2022இல் வெளியாகிவிட்டது. அதனால் இங்கிலாந்து, தாய்லாந்து தொகுப்புகளை இனிமேல் கடன் வாங்கத் தேவையில்லை.

எஸ்எஃப்-36 தாளில் 36 கேள்விகள், எட்டுப் பிரிவுகள். கடந்த நான்கு வாரத்தைக் கேட்கும். உலக சுகாதார நிறுவனத்தின் சுருக்கத் தாளில் 26 கேள்விகள் உண்டு. இரண்டு வாரத்தைக் கேட்கும். உறவு, வீடு, பணம், போக்குவரத்து வரை தொடும். அந்த நிறுவனத்தின் அளவீடு உருவானபோது பங்கேற்ற மையங்களில் சென்னையும் ஒன்று என்பதால் அதன் தமிழ் வடிவம் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது.

குடலுக்கு ஜிக்லி (GIQLI) என்ற 36 கேள்வித் தாள் பொருத்தம். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4, மொத்தம் 144. எண் கூடினால் நலம் கூடியது என்று பொருள். இரண்டு வாரத்தைக் கேட்கும். வலி, உப்பசம், வாந்தி ஆகியவற்றோடு, நோயால் பிடித்த உணவை எவ்வளவு விட வேண்டியிருக்கிறது என்பதையும் கேட்பதால் நமக்கு உதவும். சிறுகுடல் அடைப்புக்கென்றே உருவான கேள்வித்தாளும் உண்டு. உணவு, வலி, குடல் அறிகுறி, மருந்து, வாழ்க்கைத்தரம் ஆகியவற்றை அது பிரித்துக் கேட்கிறது.

குரோன் நோயாளிகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் 32 கேள்வித் தாளில் மொத்த மதிப்பெண் 32 முதல் 224 வரை. அதில் பேதி, அவசரமாகக் கழிப்பறைக்கு ஓடுவது போன்றவை நிறைய வரும். சுருக்கம் மட்டும் உள்ள நோயாளிக்கு அந்தத் தொல்லைகள் குறைவாக இருக்கலாம். அதனால் மதிப்பெண் நன்றாகவே வந்துவிடும், அவரோ பட்டினியில் இருப்பார். அந்தத் தாளை மட்டும் நம்பாதீர்கள்.

எதையும் அச்சடிக்கும் முன் அந்தந்த உரிமையாளரிடம் பதிவு செய்து அனுமதி பெற வேண்டும். கல்வி ஆய்வுகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை.

எப்போது கேட்க வேண்டும்?

வலியில் துடிக்கும்போது 36 கேள்வி கேட்பது தவறு. அப்போது கிடைக்கும் விடையும் பயன்படாது. அந்த நேரத்தில் 0 முதல் 10 வரையான வலி எண் மட்டும் போதும்.

அடிப்படை அளவீட்டை, டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் எடுங்கள். பிறகு 3, 6, 12ஆம் மாதம். இதோடு நிறுத்திவிட்டால் நல்ல நாட்கள் மட்டுமே பதிவாகும், ஏனென்றால் ஓ.பி.டி.க்கு வரும் நாள் பெரும்பாலும் நல்ல நாளாகத்தான் இருக்கும். மேலும் ஈக்யூ-5டி ‘இன்று எப்படி இருக்கிறீர்கள்’ என்றுதான் கேட்கிறது. சென்ற வாரம் ரைல்ஸ் ட்யூப்போடு படுத்திருந்தவர் இன்று 11111 சொல்லலாம், அதில் பொய் எதுவும் இல்லை. ஆகவே இரண்டாம், மூன்றாம் படி அட்டாக் ஒவ்வொன்றுக்கும் பிறகு, வீடு திரும்பிய ஏழாம் நாள் வாக்கில் தொலைபேசியில் ஒருமுறை கேட்க வேண்டும். எல்லாப் படிவத்திலும் ‘கடைசி அட்டாக் முடிந்து எத்தனை நாள்’ என்று ஒரு கட்டம் இருக்கட்டும். அது இல்லாத மதிப்பெண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

சராசரி எடுத்தால் போதாதா?

ஒரு கணக்கைப் பாருங்கள். எண்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டும். ஒருவர் வருடத்தில் 340 நாள் 0.85 மதிப்பில் இருக்கிறார். நான்கு முறை மருத்துவமனையில் சேர்ந்து மொத்தம் 25 நாள் 0.20 மதிப்பில் கிடக்கிறார்.

340 × 0.85 = 289. 25 × 0.20 = 5. கூட்டினால் 294. 365ஆல் வகுத்தால் 0.805.

நான்கு முறை ட்யூப் போட்டுக்கொண்டும் வருட மதிப்பு 0.85இலிருந்து 0.805க்குத்தான் இறங்குகிறது. இதைப் பார்த்து ‘பெரிய பாதிப்பு இல்லை’ என்று முடிவெடுத்தால் அந்த நோயாளிக்கு அநியாயம் செய்கிறோம். இந்த நோயின் சுமை அந்த 25 நாளில் மட்டும் இல்லை. மீதி 340 நாளும் ‘அடுத்தது எப்போது’ என்ற பயத்தில் கழிகின்றன. அந்தப் பயம் ஈக்யூ-5டியில் ‘கவலை’ என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கிப்போகிறது. எனவே சராசரியோடு மருத்துவமனையில் இருந்த நாள், வேலை போன நாள், திட உணவு சாப்பிடாத நாள் மூன்றையும் தனி எண்ணாகக் கொடுங்கள். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

உணவுக் கட்டுப்பாட்டை எப்படி அளப்பது?

மேலைநாட்டுப் பட்டியலில் இருக்கும் பாப்கார்னும் செலரியும் நம் நோயாளியிடம் எதையும் சொல்லாது. நம் வீட்டு, நம் தெருச் சாப்பாட்டை வைத்துப் பட்டியல் போடுங்கள்: வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்காய், கொத்தவரங்காய், கீரைத்தண்டு, பலாச்சுளை, சக்கையோடு ஆரஞ்சு, தேங்காய்த் துண்டு, வேர்க்கடலை, சுட்ட மக்காச்சோளம், முளைகட்டிய பயறு, உசல், பாவ், சப்பாத்தி, ஆட்டிறைச்சி. இருபது பொருள் போதும்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று விடை: வழக்கம்போல் சாப்பிடுகிறேன், பயந்து கொஞ்சம் சாப்பிடுகிறேன், தொடுவதே இல்லை. நோய்க்கு முன்பே சாப்பிடாத பொருளை எண்ணிக்கையிலிருந்து விட்டுவிடுங்கள். இல்லையென்றால் சைவக் குடும்பத்தினர் எல்லோரும் கடும் கட்டுப்பாட்டில் இருப்பதாகக் கணக்கு வரும். அடுத்து ஏன் தவிர்க்கிறார் என்று கேளுங்கள்: மருத்துவர் சொன்னதா, சாப்பிட்டு அட்டாக் வந்ததா, யாரோ சொன்னார்களா? மூன்றாவது காரணம் நிறைய இருந்தால் அங்கே உணவியல் ஆலோசகரால் உடனே உதவ முடியும். வேகவைத்து, தோல் நீக்கி, மசித்துச் சாப்பிடக்கூடிய பொருட்கள் சில தட்டுக்குத் திரும்பி வரும்.

இன்னும் மூன்று கேள்விகளை விடவே கூடாது. வேலைக்குப் போகும் நாளில் வலி வரக்கூடாது என்று பட்டினியாகப் போகிறீர்களா? கடந்த மாதம் எத்தனை முறை வெளியில் சாப்பிட்டீர்கள்? வீட்டில் உங்களுக்கென்று தனியாகச் சமைக்க வேண்டியிருக்கிறதா? முதல் கேள்விக்கு ‘ஆம்’ வந்தால், விடுப்பு நாள் பூஜ்யமாக இருந்தாலும் அவர் நலமாக இல்லை. தாராவியில் தையல், தோல் வேலை செய்யும் நாள் கூலிக்காரருக்கு விடுப்பு என்று ஒன்றே கிடையாது. அவர் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகிறார்.

எடையைக் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஒரே எந்திரத்தில் பாருங்கள். ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல், அதாவது 60 கிலோ ஆளுக்கு 3 கிலோவுக்கு மேல் தானாகக் குறைந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மும்பையில் பிறந்தவர், தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. எந்த மொழித் தாள்?

அவர் எந்த மொழியில் எளிதாகப் படிப்பாரோ அந்த மொழித் தாள். மராத்தியோ, இந்தியோ, ஆங்கிலமோ எதுவானாலும் சரி. படிக்கவே வராதவர் என்றால் தமிழ்த் தாளை அதில் உள்ளபடியே வாசித்துக் காட்டுங்கள். முதல் முறை தமிழில் வாசித்துவிட்டு மூன்றாம் மாதம் இந்தித் தாளைக் கையில் கொடுக்கக்கூடாது. மொழியும், கேட்கும் முறையும் கடைசி வரை ஒன்றாகவே இருக்கட்டும்.

இந்தித் தாளை வைத்துக்கொண்டு செவிலியரோ மகனோ அங்கேயே தமிழாக்கிச் சொல்வது இங்கே அன்றாடம் நடக்கிறது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள் என்பதால் அந்த எண்ணை ஒப்பிட முடியாது. தமிழ் வடிவம் இல்லாத தாளுக்கு முறையான வழி இருக்கிறது: இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பது, இரண்டையும் இணைப்பது, மூலத்தைப் பார்க்காத ஒருவர் திருப்பி மொழிபெயர்ப்பது, கடைசியில் ஐந்து முதல் பத்து நோயாளிகளிடம் ‘இதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்’ என்று கேட்டுத் திருத்துவது. சயான் கோலிவாடாத் தமிழும் மாட்டுங்காத் தமிழும் ஒன்றல்ல. சோதனைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்களை எடுங்கள்.

நோயாளிக்குப் பதில் மனைவியோ மகளோ சொல்லலாமா?

நோயாளியால் முடியாதபோது மட்டும். அப்போதும் ‘அருகிலிருப்பவர் சொன்னது’ என்று குறியுங்கள். வெளியில் தெரியும் வாந்தி, நடமாட்டம் போன்றவற்றை வீட்டார் ஓரளவு சரியாகச் சொல்வார்கள். பயமும் சோர்வும் அவர்களுக்குத் தெரியாமல் போகும். பக்கத்தில் மாமியாரோ மகனோ இருக்கும்போது பல பெண்கள் ‘ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்’ என்று முடித்துவிடுவார்கள். திரை இழுத்துத் தனியே கேளுங்கள். பொதுக் கழிப்பறையில் வரிசையில் நிற்க வேண்டியிருப்பதால் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைக்கிறார்களா என்பதையும் அப்போதுதான் சொல்வார்கள்.

மனநலத்துக்குத் தனித் தாள் வேண்டுமா?

வேண்டும். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 தாளில் ஒன்பது கேள்வி, மொத்தம் 27, 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புவது வழக்கம். ஆனால் பசியின்மை, களைப்பு, தூக்கக் கேடு ஆகியவற்றுக்கான மதிப்பெண் இந்த நோயாளிகளிடம் குடலாலேயே ஏறலாம். மொத்தத்தை மட்டும் பார்க்காமல், ஆர்வமின்மை, மனச்சோர்வு என்ற முதல் இரண்டு கேள்விகளின் விடையைத் தனியே பாருங்கள். ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்கு ‘ஆம்’ வந்தால் யாரிடம் அனுப்புவது என்று முடிவு செய்யாமல் இந்தத் தாளை யார் கையிலும் கொடுக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் 14416 எண்ணைப் படிவத்தின் அடியில் அச்சிட்டுவிடுங்கள்.

மதிப்பெண் கூடியிருக்கிறது. உண்மையிலேயே முன்னேற்றமா?

இரண்டு, மூன்று புள்ளி கூடினால் அது வெறும் ஏற்ற இறக்கமாக இருக்கலாம். குழுவின் திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) பாதியளவு மாறினால் உண்மையான மாற்றம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட ஒரு கைக்கணக்கு.

பழகிப்போவதாலும் எண் ஏறும். ஒரு வருடம் கஞ்சியே குடித்தவர் அதையே இயல்பு என்று எடுத்துக்கொண்டு ‘பிரச்சினை இல்லை’ என்பார். அவருடைய உணவுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மதிப்பெண் ஏறியும் ‘தொடுவதே இல்லை’ கட்டம் குறையவில்லை என்றால் அவர் நலமடையவில்லை, பழகிக்கொண்டார். இன்னொரு காரணம் அறுவைக்கு ஒப்புக்கொள்ள வேண்டிய நேரம். அதைத் தள்ளிப்போட நினைப்பவர் எண்ணைக் கூட்டிச் சொல்வதுண்டு.

ஆய்வேட்டுக்கு எத்தனை பேர் வேண்டும்?

அரைத் திட்ட விலக்க மாற்றத்தைக் கண்டுபிடிக்க, 80 சதவீதத் திறனும் (உண்மையில் இருக்கும் மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 5 சதவீதப் பிழை எல்லையும் (இல்லாத மாற்றத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) வைத்தால், ஒரே நோயாளிகளை முன்னும் பின்னும் ஒப்பிட ஏறக்குறைய 34 பேர். இரண்டு குழுக்களை ஒப்பிட ஒவ்வொன்றிலும் 64 பேர். ஐந்தில் ஒருவர் விட்டுப்போவார் என்று வைத்தால் 64 என்பது 80 ஆகும். மும்பையில் ஊருக்குத் திரும்பிவிடுபவர்களும் கைபேசி எண் மாற்றுபவர்களும் அதிகம். சேர்க்கும் நாளிலேயே இரண்டு எண்கள் வாங்குங்கள், ஒன்று ஊரிலிருக்கும் உறவினருடையது.

வராமல் போனவர் நலமாக இருப்பதால் வரவில்லை என்று நினைக்காதீர்கள். வேறு மருத்துவமனையில் அட்டாக்கோடு படுத்திருக்கலாம். ஏன் வரவில்லை என்பதையும் பதிவு செய்யுங்கள். விடுபட்ட விடைகளுக்கு அந்தந்தத் தாளின் விதியைப் பின்பற்றுங்கள்: எஸ்எஃப்-36இல் ஒரு பிரிவில் பாதிக் கேள்விக்காவது விடை இருந்தால் மீதியை அந்தப் பிரிவின் சராசரியால் நிரப்பலாம். ஈக்யூ-5டியில் ஒரு கட்டம் விடுபட்டாலும் ஒற்றை மதிப்பு கணக்கிட முடியாது. படிவத்தை வாங்கும்போதே ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

புற்றுநோயால் வரும் அடைப்புக்கும் இதே முறையா?

இல்லை. அங்கே ஓராண்டுத் திட்டம் பொருந்தாது. நீண்ட தாளும் அவர்களைக் களைப்பாக்கும். ஈஓஆர்டிசி என்ற ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் 15 கேள்விச் சுருக்கத் தாள் போதும், வாரம் ஒருமுறை. 2023இல் முடிவு வெளியான எஸ்1316 என்ற ஆய்வு, 91 நாளில் நோயாளி உயிரோடு மருத்துவமனைக்கு வெளியே எத்தனை நாள் இருந்தார் என்பதை முதன்மை அளவாக எடுத்தது. அறுவை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் அந்த நாட்களில் பெரிய வேறுபாடு இல்லை. அடைப்பின் அறிகுறிகள் மட்டும் அறுவைப் பக்கம் மேம்பட்டன. நாள் கணக்கும் அறிகுறிக் கணக்கும் வேறு வேறு செய்தி சொல்லும் என்பதால் இரண்டையும் எடுக்க வேண்டும்.

வீட்டில் நாங்கள் என்ன குறித்துவைக்க வேண்டும்?

ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்: தேதி, அதிகபட்ச வலி 0–10, வாந்தி எத்தனை முறை, காற்று அல்லது மலம் பிரிந்ததா, உணவு (திடம், மசித்தது, நீர், எதுவும் இல்லை), வேலைக்குப் போனாரா. ஞாயிறு காலை எடை. சமையலறை நாட்காட்டியின் கட்டத்திலேயே இது அடங்கும். ஓ.பி.டி.க்குப் போகும்போது டிஸ்சார்ஜ் கார்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி, மேலே இந்த நாட்காட்டித் தாளை வையுங்கள்.

குறிப்பு எழுதுவதை விட்டுவிட்டு உடனே கிளம்ப வேண்டிய நேரமும் உண்டு: விட்டு விட்டு வந்த வலி விடாமல் நிற்பது, பச்சையாகவோ மல நாற்றத்தோடோ வாந்தி, காற்றுகூடப் பிரியாமல் வயிறு கல்லாக உப்புவது, காய்ச்சல், படபடவென்ற நாடித்துடிப்பு, சிறுநீர் குறைவது. குடலுக்கு இரத்தம் போகாமல் நிற்பதன் அறிகுறியாக இவை இருக்கலாம். வாய்வழியாக எதுவும், பேதி மருந்துகூட, கொடுக்காமல் 108க்கு அழையுங்கள். அன்றைய கட்டத்தைத் திரும்பி வந்த பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.